சுவரோடு இருந்தால்தான் சித்திரம்: பாரிஸ் தெருக்களில் ஒரு மொசைக் வேட்டை

பாரிஸ் நகருக்குச் சென்று வருபவர்கள் சொல்லும் கதைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஐஃபில் கோபுரம், லூவ்ர் அருங்காட்சியகம், சேன் ஆற்றில் படகுப் பயணம். லா ஷப்பேல் பக்கம் போய் மாணிக்க விநாயகரைக் கும்பிட்டு, அங்குள்ள ஈழத்தமிழர் கடையில் பசியாறிவிட்டு வருவோரும் உண்டு.

அதே நகரில் வேறொரு கூட்டமும் நடமாடுகிறது. அவர்கள் கடைகளைப் பார்ப்பதில்லை, கோபுரங்களையும் பார்ப்பதில்லை. தலையை நிமிர்த்திக் கட்டடங்களின் மூலைகளையே பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள். ஒரு சந்து முனையில் திடீரென நின்று, கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்துவிட்டு, புதையல் கண்டெடுத்தவர்போலச் சிரித்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடையைக் கட்டுகிறார்கள்.

அவர்கள் தேடுவது சுவரில் ஒட்டப்பட்டிருக்கும் சின்னஞ்சிறு மொசைக் உருவங்களை. அவற்றை ஒட்டியவர் 'இன்வேடர்' என்ற புனைபெயர் கொண்ட பிரெஞ்சுக் கலைஞர். 'படையெடுத்து வருபவர்' என்பது அதன் பொருள். அவர் பொதுவில் முகம் காட்டுவதில்லை. பேட்டி கொடுத்தாலும் முகமூடியுடன்தான் கொடுப்பார். ஆனால் அவருடைய கைவேலை இன்று உலகம் முழுவதும் 4,000க்கும் மேற்பட்ட சுவர்களில் இருக்கிறது. அவற்றுள் சுமார் 1,500 பாரிஸ் நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உள்ளன.

இந்த வேட்டையில் பரிசுப் பணம் கிடையாது. கண்டுபிடித்ததை வீட்டுக்குக் கொண்டு போகவும் முடியாது. பிறகு ஏன் இத்தனை பேர் இதற்காகக் கால் கடுக்க நடக்கிறார்கள்? அந்த உருவங்கள் களவு போகும்போது ஏன் கொதித்துப் போகிறார்கள்? இதைப் புரிந்துகொள்ள, கதையைத் தொடக்கத்திலிருந்தே பார்க்க வேண்டும்.

காசு போட்டு விளையாடிய விளையாட்டு

1978ஆம் ஆண்டு ஜப்பானில் டைட்டோ நிறுவனம் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற வீடியோ விளையாட்டை வெளியிட்டது. அதை உருவாக்கியவர் தொமொஹிரோ நிஷிகாடோ. திரையின் மேலிருந்து வரிசை வரிசையாக இறங்கி வரும் வேற்றுலக உயிர்களைக் கீழிருந்து சுட்டு வீழ்த்த வேண்டும். பட்டணத்துக் கடைகளில் சில்லறை போட்டு அதை விளையாடிய தலைமுறைக்கு அந்த நண்டு போன்ற உருவங்கள் இன்றும் நினைவில் இருக்கும்.

அக்காலக் கணினிகளின் ஆற்றல் குறைவு. எனவே ஓர் உருவத்தைச் சில சதுரப் புள்ளிகளைக் கொண்டே வரைந்தாக வேண்டும். கட்டம் போட்ட தாளில் சில கட்டங்களுக்கு மட்டும் வண்ணம் தீட்டினால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் அந்த உயிர்கள் இருந்தன.

பாரிஸில் ஓவியக் கல்லூரியில் படித்த இந்தக் கலைஞர் அதில் ஒன்றைக் கவனித்தார். திரையில் இருக்கும் சதுரப் புள்ளியும், குளியலறைச் சுவரில் பதிக்கும் சதுர டைல்ஸ் துண்டும் ஒரே வடிவம். ஒரு புள்ளிக்கு ஒரு துண்டு என்று வைத்தால் திரையில் இருப்பதை அப்படியே சுவருக்குக் கொண்டுவந்துவிடலாம். சாயம் மழையில் கரையும், வெயிலில் வெளுக்கும். சுட்ட டைல்ஸுக்கு அந்தக் கவலை இல்லை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ரோமானிய மொசைக் ஓவியங்கள் இன்றும் நிறம் மங்காமல் இருப்பதே அதற்குச் சான்று.

1996இல் பாரிஸ் சுவர் ஒன்றில் முதல் உருவத்தை ஒட்டினார். 1998 முதல் அதை ஒரு திட்டமாகவே தொடர்ந்தார். லண்டன், தோக்கியோ, நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், ஹாங்காங், பேங்காக், காட்மாண்டு, வாரணாசி என்று அவர் கால் படாத கண்டம் குறைவு. ஒரு நகருக்குப் போனால் பொதுவாக 20 முதல் 50 உருவங்கள் வரை ஒட்டிவிட்டு வருவார்.

தரையோடும் அவர் நிற்கவில்லை. 2012இல் மெக்சிகோவின் கன்கூன் கடற்பகுதியில் நீருக்கடியில் இருக்கும் சிற்பங்களில் மொசைக் உருவங்களைப் பதித்தார். அதே ஆண்டு ஓர் உருவத்தைப் பலூனில் கட்டி வளிமண்டலத்தின் உயரத்துக்கு அனுப்பினார். 2015இல் அவருடைய மொசைக் ஒன்று அனைத்துலக விண்வெளி நிலையத்திலேயே இடம் பிடித்தது. விண்வெளியிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட உருவம் விண்வெளிக்கே போய்ச் சேர்ந்தது.

ஒட்டுவதில் உள்ள கணக்கு

பார்ப்பதற்கு விளையாட்டாகத் தெரியும் இந்த வேலையில் திட்டமிடல் அதிகம். உருவத்தை முன்கூட்டியே பட்டறையில் துண்டு துண்டாக அடுக்கித் தயார் செய்துகொள்கிறார். பிறகு நகரைச் சுற்றிப் பார்த்து இடம் தேடுகிறார். பலர் கடந்து செல்லும் சந்திப்பு, பாலத்தின் தூண், வீதிப் பெயர்ப்பலகையின் பக்கத்து மூலை போன்றவை அவருக்குப் பிடித்த இடங்கள். பெரும்பாலும் இரவில் ஏணியுடன் சென்று, சிமெண்டுப் பசை பூசி, சில நிமிடங்களில் ஒட்டி முடித்துவிடுகிறார்.

ஒட்டிய ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. முன்னால் நகரின் சுருக்கக் குறி வரும். பாரிஸுக்கு 'பி.ஏ.', லண்டனுக்கு 'எல்.டி.என்.', தோக்கியோவுக்கு 'டி.கே.'. அதையடுத்து, அந்நகரில் அது எத்தனையாவது உருவம் என்ற எண். பாரிஸின் ஆயிரமாவது உருவம் 2011இல் ஒட்டப்பட்டது. ஒவ்வொன்றையும் படம் எடுத்து, நாளும் இடமும் குறித்து வைத்துக்கொள்கிறார். சில நகரங்களுக்கு வரைபடமும் அச்சிட்டிருக்கிறார்.

எல்லாம் நண்டு உருவங்கள் அல்ல. இடத்துக்கு ஏற்ற குறும்பும் உண்டு. தோக்கியோவின் ஷிபுயா பகுதியில் ரயில் பாலத்தருகே ஜப்பானியரின் செல்லப் பிள்ளையான 'ஆஸ்ட்ரோ பாய்' பறக்கிறான். பாரிஸின் 13ஆம் வட்டாரத்தில் மருத்துவமனையை ஒட்டிய சுவரில், தொலைக்காட்சித் தொடரில் வந்த மருத்துவர் ஹவுஸ் கைத்தடியுடன் நிற்கிறார். தெரிந்தவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். தெரியாதவர்கள் ஆயிரம் முறை கடந்தும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கைப்பேசியில் ஒரு வேட்டை

தொடக்கக் காலத்தில் இவற்றைத் தேடியவர்கள் குறிப்பேடும் கேமராவும் வைத்துக்கொண்டு தாங்களே கணக்கு வைத்தார்கள். 2014இல் கலைஞரே 'ஃபிளாஷ்இன்வேடர்ஸ்' என்ற செயலியை வெளியிட்டார். அதன் பிறகு வேட்டை சூடு பிடித்தது.

செயலி வேலை செய்யும் விதம் எளிது. ஓர் உருவத்தைக் கண்டதும் செயலியைத் திறந்து, திரையில் காட்டும் வட்டத்துக்குள் உருவம் வரும்படி படம் எடுக்க வேண்டும். அது உண்மையான உருவந்தானா என்று செயலி சரிபார்த்துவிட்டுப் புள்ளிகள் தரும். சிறியவற்றுக்கு 10 புள்ளி, பெரியவற்றுக்கும் அரியவற்றுக்கும் 100 வரை. ஓர் உருவத்துக்கு ஒரு முறைதான் புள்ளி கிடைக்கும். உலகெங்கும் உள்ள வேட்டைக்காரர்களின் தரவரிசையும் அதில் தெரியும்.

ஆனால் உருவங்கள் எங்கே இருக்கின்றன என்று அந்தச் செயலி சொல்லாது. அதில் வரைபடம் இல்லை. இதுதான் சூட்சுமம். வழி சொல்லிவிட்டால் புள்ளிக்குப் புள்ளி ஓடி முடித்துவிடலாம். வழி சொல்லாததால் நடந்தே ஆக வேண்டியிருக்கிறது. நடக்கும்போது சுற்றுலாப் பேருந்து போகாத தெருக்கள், குடியிருப்புகளின் பின்பக்கம், ரயில் பாலத்தின் அடிப்புறம், வந்து குடியேறியவர்கள் வாழும் பகுதிகள் எல்லாம் கண்ணில் படுகின்றன. பாரிஸின் 20 வட்டாரங்களிலும் இந்த உருவங்கள் இருக்கின்றன. பணக்காரத் தெரு, ஏழைத் தெரு என்ற பேதம் அவற்றுக்கு இல்லை. நகரின் ஒரு மூலையைக்கூட ஒதுக்காமல் பார்க்க வைப்பதுதான் இந்த விளையாட்டின் உண்மையான பரிசு.

யாருடைய சுவர்?

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான உருவங்கள் கட்டட உரிமையாளரின் அனுமதி பெறாமல் ஒட்டப்பட்டவை. பிறர் சுவரில் எதையும் பதிப்பது பிரான்சிலும் சட்டப்படி குற்றம்தான். உரிமையாளர் விரும்பினால் பெயர்த்தெடுக்கலாம். வீட்டுக்குச் சாயம் பூசும்போது உருவமும் சேர்ந்து மறைந்து போவதுண்டு. கட்டடத்தை இடித்தால் அதுவும் இடிபடும். இதற்குக் கலைஞர் யாரிடமும் நியாயம் கேட்க முடியாது.

ஹாங்காங்கில் நடந்ததை வேட்டைக்காரர்கள் இன்றும் மறக்கவில்லை. 2014இல் அவர் அந்நகருக்குச் சென்று பல உருவங்களை ஒட்டினார். அவற்றுள் ஒன்று, பழைய கார்ட்டூன் தொடரில் வரும் குங்ஃபூ நாயின் பெரிய உருவம். கிங்ஸ் ரோடு சாலையோரச் சுவரில் அது நின்றது. நகர மக்கள் அதை ரசித்தார்கள். ஆனால் சில வாரங்களிலேயே அரசு அதிகாரிகள் அதை அகற்றிவிட்டார்கள். பொதுச் சுவரைப் பராமரிப்பது தங்கள் கடமை என்பது அவர்கள் தரப்பு. மக்கள் ரசிக்கும் ஒன்றை ஏன் அழிக்க வேண்டும் என்பது ரசிகர்கள் தரப்பு.

அடுத்த ஆண்டு, 2015 ஜனவரியில், அதே நாய் உருவத்தின் மறுபதிப்பு ஒன்று ஹாங்காங்கில் ஏலத்துக்கு வந்தது. ஏறக்குறைய 20 லட்சம் ஹாங்காங் டாலருக்கு அது விலை போனது. தெருவில் குப்பை என்று பெயர்க்கப்பட்ட அதே உருவம், ஏலக் கூடத்தில் சொத்தாகிவிட்டது.

திருடனுக்குக் கிடைத்தது ஓட்டாஞ்சில்லு

இத்தனை விலை போகிறது என்றால் திருடர்கள் சும்மா இருப்பார்களா? 2017 ஆகஸ்டில் பாரிஸில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட உருவங்கள் காணாமல் போயின. பெயர்த்தவர்கள் மாநகராட்சி ஊழியர்கள் அணிவதுபோன்ற ஒளிரும் மேல்சட்டை அணிந்து, பட்டப்பகலில் ஏணி வைத்து வேலை செய்தார்கள். பார்த்தவர்கள் அரசாங்க வேலை என்றே நினைத்துக்கொண்டார்கள். விவரம் வெளிவந்ததும், அவர்கள் தங்கள் ஆட்கள் அல்லர் என்று மாநகராட்சி அறிவித்து, காவல் துறையில் புகாரும் கொடுத்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் திருட்டில் கைக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. துண்டுகள் சிமெண்டுப் பசையால் சுவரோடு சுவராக ஒட்டியிருக்கின்றன. உளி வைத்துப் பெயர்த்தால் பெரும்பாலானவை நொறுங்கிவிடும். உடைந்ததை ஈடுகட்டத் திருடன் கடையில் புது டைல்ஸ் வாங்கித்தான் அடுக்க வேண்டும். அப்படி அடுக்கியது கலைஞரின் வேலையா, திருடனின் வேலையா?

இன்னொரு காரணமும் உண்டு. தெருவில் ஒட்டும் உருவத்துக்கு இணையாக ஒரே ஒரு மறுபதிப்பைக் கலைஞர் செய்து, சான்றிதழுடன் விற்பனைக்கு விடுகிறார். அவருக்கு வருமானம் வரும் வழிகளுள் அதுவும் ஒன்று. சேகரிப்பாளர்கள் பணம் கொடுப்பது அந்தச் சான்றிதழ் உள்ள மறுபதிப்புக்குத்தான். தெருச் சுவரில் இருப்பதற்குச் சான்றிதழ் கிடையாது. அது விற்பனைக்கு அல்ல. அந்த வழியாக நடப்பவர் எவரோ அவருக்கே அது சொந்தம்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள் நம் பெரியோர். உடல் நலம் பேணச் சொன்ன பழமொழி அது. இங்கே அது சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. சுவரிலிருந்து பிரித்த கணமே சித்திரம் போய்விடுகிறது. மிஞ்சுவது ஓட்டாஞ்சில்லு.

பழுது பார்க்கும் கைகள்

திருட்டுக்கும் இடிப்புக்கும் பதிலாக ரசிகர்கள் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். அழிந்த உருவத்தை அதே இடத்தில் மீண்டும் ஒட்டுவது. இதை 'உயிர்ப்பித்தல்' என்று அழைக்கிறார்கள்.

இது நினைத்தபடி செய்யும் வேலை அல்ல. பழைய படங்களைப் பெரிதாக்கி, எந்த வரிசையில் எத்தனை துண்டு, எந்த நிறம் என்று ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். அதே அளவிலும் நிறத்திலும் டைல்ஸ் கிடைக்கும் வரை கடை கடையாகத் தேடுகிறார்கள். முன்பு இருந்த அதே இடத்தில் ஒட்டுகிறார்கள். அசலுக்கு மாறாமல் இருந்தால் கலைஞர் அதை ஏற்றுக்கொள்கிறார். செயலியும் அதை அடையாளம் கண்டு புள்ளி கொடுக்கிறது. ஒட்டிய ரசிகரின் பெயர் எங்கும் இருக்காது.

கலைஞரின் கை படாத உருவம் அசல் ஆகுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் கோயில் கோபுரத்துக்கு நாம் குடமுழுக்கு செய்கிறோம். சுதை உருவங்களைப் புதுப்பித்து வண்ணம் தீட்டுகிறோம். முதல் சிற்பியின் கை பட்ட சுண்ணாம்பு இப்போது அங்கே இல்லை என்பதற்காக அதே கோபுரம் இல்லை என்று சொல்வதில்லை. இடமும் உருவமும் மாறாமல், பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கும்வரை அது அதுவாகவே இருக்கிறது. பெயர் தெரியாத ஒருவர் ஒட்டியதைப் பெயர் தெரியாத இன்னொருவர் காப்பாற்றுகிறார். பணத்துக்காக நடக்கும் திருட்டைவிட இந்த அக்கறை நீண்ட காலம் நிற்கும் என்றே தோன்றுகிறது.

தேடிப் பார்க்க விரும்பினால்

படிப்புக்கோ சுற்றுலாவுக்கோ பாரிஸ் பக்கம் போகும் வாசகர்களுக்குச் சில குறிப்புகள்:

நகரம் முழுவதையும் ஒரே நாளில் சுற்ற நினைக்காதீர்கள். ஒரு நாளுக்கு ஒரு வட்டாரம் போதும். தெரு ஓவியங்களுக்குப் பெயர்போன 13ஆம் வட்டாரத்தின் பூட்-ஓ-காய் பகுதியிலிருந்து தொடங்கலாம். அங்கே மற்ற கலைஞர்களின் ஓவியங்களும் நிறைய உண்டு.

கண் மட்டத்தில் தேடிப் பயனில்லை. களவுக்குப் பயந்து பெரும்பாலான உருவங்கள் கைக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கும். தெரு முனைகளில் நீல நிற வீதிப் பெயர்ப்பலகையைப் பார்த்தால் அதன் மேலும் பக்கத்திலும் ஒரு முறை கண்ணை ஓட்டுங்கள்.

மேலே பார்த்துக்கொண்டே சாலையில் இறங்கிவிடாதீர்கள். ஓரமாக நின்று பாருங்கள். கூட்டமான இடங்களில் கைப்பேசியைப் பறிப்போரும் பணப்பையை அடிப்போரும் உண்டு. படம் எடுத்த கையோடு கைப்பேசியை உள்ளே வையுங்கள்.

உருவத்தைத் தொட்டுப் பார்க்க ஏறாதீர்கள். குடியிருப்பு வளாகத்துக்குள் அனுமதியின்றி நுழையாதீர்கள். பிள்ளைகளை அழைத்துப் போனால் முதலில் கண்டுபிடிப்பது அவர்களாகத்தான் இருக்கும்.

பாரிஸ் தொலைவு என்றால் பேங்காக் பக்கம்தான். அங்கேயும் சில உருவங்கள் இருக்கின்றன. ஆனால் வெப்ப நாட்டு நகரங்களில் கட்டடங்கள் வேகமாக மாறுவதால், போகும் முன் எவை எஞ்சியிருக்கின்றன என்று ரசிகர்கள் வைத்திருக்கும் பட்டியலைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. இதைப் பார்த்துவிட்டு நம் ஊரில் யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் டைல்ஸ் ஒட்டக் கிளம்ப வேண்டாம். பள்ளிச் சுவரிலோ தாமான் மண்டபத்திலோ செய்ய ஆசை இருந்தால் நிர்வாகத்திடமும் நகராண்மைக் கழகத்திடமும் அனுமதி பெற்றுச் செய்யலாம். கட்டம் போட்ட தாள், உடைந்த டைல்ஸ், சிமெண்டு. தமிழ்ப்பள்ளி மாணவர்கள் ஒரு விடுமுறையில் செய்து முடித்துவிடக்கூடிய வேலை.

நம் தலைநகரில் இருக்கும் சுவர்கள்

பாரிஸ் வேட்டைக்காரர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களுடைய கண். தினம் கடக்கும் சுவரைப் பார்ப்பது.

கோலாலம்பூரில் தேசிய அருங்காட்சியகத்தின் முகப்பில் இரு பெரும் சுவரோவியங்கள் இருக்கின்றன. ஓவியர் சியோங் லாய் தோங் வடிவமைத்தவை. இத்தாலியக் கண்ணாடி மொசைக் துண்டுகளால் ஆனவை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 35 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரம். 1963இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்ட காலத்திலிருந்து இந்நாட்டின் வரலாற்றையும் பண்பாட்டையும் சொல்லிக்கொண்டு நிற்கின்றன. டேவான் பஹாசாவின் பழைய கட்டடச் சுவரிலும் ஓவியர் இஸ்மாயில் முஸ்தாம் வடிவமைத்த மொசைக் ஓவியம் உண்டு. நாடு புதிதாக விடுதலை பெற்ற காலத்தின் நம்பிக்கை அதில் தெரிகிறது.

இவை ஒளிந்திருப்பவை அல்ல. சாலையைப் பார்த்தபடியே நிற்பவை. ஆனாலும் காரிலும் பேருந்திலும் அவற்றைக் கடந்து போகும் ஆயிரக்கணக்கானோரில், அந்தச் சித்திரத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்? பார்க்காத சுவர் இடிபடும்போது கேட்பார் இருக்க மாட்டார்கள். பாரிஸ் தெருவில் உள்ளங்கை அளவு உருவம் காணாமல் போனதும் அன்றே தெரிந்துவிடுவதற்குக் காரணம், தினமும் யாரோ ஒருவர் அதை நிமிர்ந்து பார்ப்பதுதான்.

அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது என்று யோசிப்பவர்கள் முசியம் நெகாரா எம்.ஆர்.டி நிலையத்தில் இறங்கலாம். உள்ளே போவதற்கு முன் வாசலில் சற்று நேரம் நின்று, அந்தச் சுவரில் எத்தனை மனிதர்கள் இருக்கிறார்கள் என்று அவர்களை எண்ணச் சொல்லுங்கள்.